கூட்ஸ் வரும் நேரம்

ரயில்வே கேட்டு வீட்டுத் தொலைபேசி கிணுகிணுக்கும்போது வரதன் பாதி வெள்ளரிப் பிஞ்சில் இருப்பார். மீதியை வாயில் போட்டுக்கொண்டு, நீலச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது என்கிற செய்தியை "ம்... ம்..." என்று கேட்டு வாங்குவார். அப்புறம் தாமதம் கிடையாது. வெளியே வந்து சக்கரத்தைச் சுற்றுவார். சாலையின் இரண்டு பக்கமும் சிவப்பு வெள்ளைக் கட்டைகள் இறங்கும். வண்டி வந்து சேர இன்னும் வெகுநேரம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், லாரிக்காரர்களுக்கும் தெரியும்.

"யோவ் கேட்டுக்காரரே, கண்ணுக்கெட்ன தூரம் பொகையே காணோம். அதுக்குள்ள போட்டுட்டியே" என்பான் பஸ் கண்டக்டர்.

"வந்துகினே கீதுபா" என்பார் வரதன். எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல மாட்டார்.

கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே, பொன்னேரி போகிற தார்ச்சாலை ரயில் பாதையைக் குறுக்கே வெட்டுகிற இடம் அது. ஒரு கேட்டு, அதை ஒட்டி ஒற்றை அறை வீடு, ஒரு கைப்பம்பு, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மரத்துக்கும் வரதனுக்கும் முகஜாடை ஒன்று என்று டீக்கடை சாலமோன் சொல்வார். அதில் பொய்யில்லை. ஒல்லியான தேகம், நரைத்த கிருதா, எப்போதும் பாதி இறங்கியே இருக்கும் இமைகள். பார்க்கிறவர்கள் மனுஷன் நின்றுகொண்டே தூங்குகிறார் என்று நினைப்பார்கள். ஆனால் அவர் கண்ணுக்குத் தப்பி அந்தச் சாலையில் ஒரு கோழிக்குஞ்சுகூடக் கடந்ததில்லை.

அடுத்த ஷிப்டுக்கு வருகிற மாரியப்பன் சுறுசுறுப்பான ஆள். புகை தெரிந்த பிறகுதான் கேட்டைப் போடுவார், கடைசிப் பெட்டி தாண்டுமுன் சக்கரத்தில் கை வைத்துவிடுவார். மாரியப்பன் டூட்டியில் ஒரு சுருட்டுப் பற்ற வைக்க முடியாது, வரதன் டூட்டியில் ஒரு குழம்பே வைத்து இறக்கலாம் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். ஏன் இப்படி என்று மேலேயிருந்து யாராவது கேட்டால், "பாதுகாப்பு முக்கியம் சார்" என்று சொல்லி வரதன் நெற்றியைத் தொட்டுச் சலாம் வைப்பார்.

உண்மைக் காரணம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தது. சாலமோனின் டீக்கடை. பழவேற்காட்டுக் குப்பாயியின் கருவாட்டுக் கூடை. அஞ்சம்மாளின் வெள்ளரிப் பிஞ்சு. இவர்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, வாடிக்கை கிடையாது, கடை என்று சொல்ல நாலு சுவர் கிடையாது. கேட்டு இறங்கினால் வியாபாரம், ஏறினால் இல்லை. இந்தச் சூட்சுமம் வரதனுக்கு வேலைக்கு வந்த முதல் கோடையிலேயே விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் கேட்டு போடுவது ரயிலுக்காக மட்டும் அல்ல.

கேட்டு இறங்கியதும் அந்த இடத்துக்கு ஒரு மயக்கம் வந்துவிடும். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கும். அதுவரை காதில் விழாத தவிட்டுக்குருவிச் சத்தம் விழும். நெல்லூர் அரிசி மூட்டை ஏற்றி வந்த லாரியின் மேல் படுத்திருப்பவன் எழுந்து உட்கார்ந்து, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று சுற்றுமுற்றும் பார்ப்பான். தூரத்தில் வயல்களுக்கு மேல் கானல் நெளியும். தண்டவாளம் அந்தக் கானலுக்குள் போய்க் கரைந்து, மறுபடி எங்கோ தோன்றும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு எதிலோ மிதப்பது போல இருக்கும். அந்த மிதப்பின் நடுவே, "பிஞ்சே... வெள்ளரிப் பிஞ்சே..." என்று அஞ்சம்மாளின் குரல் வரும். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"நிக்கறதுக்கு ஒரு எடம் வோணும்பா மனுசனுக்கு" என்பார் வரதன். "ஓடிக்கினே இருந்தா இன்னாத்த பாக்குறது, இன்னாத்த துன்றது?"

நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிற ஆளும் அல்ல அவர். பஸ் வந்தால் கையை ஆட்டி ஆட்டி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று முன்னால் வரச் சொல்லி, ஜன்னல்கள் சரியாக மர நிழலுக்கும் அஞ்சம்மாளின் கூடைக்கும் நேரே வந்ததும், "போதும்" என்று உள்ளங்கையைக் காட்டுவார். ஓட்டுநருக்கு அது ஏதோ ரயில்வே விதி என்று எண்ணம். கைப்பம்பில் தண்ணீர் அடித்து வெள்ளரி மேல் தெளித்துவிடுவார். காலையில் மூன்று பேரிடமும் முதல் போணி அவர்தான். பேரம் பேச மாட்டார். கருவாடு வாங்கிய நாளில் வீட்டில் அவர் மனைவி கனகாம்பாள், "நேத்து வாங்கினதே உறியில கெடக்குது" என்று சத்தம் போடுவாள். அதற்கும் அசைய மாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேல், அவர் தின்பார். கேட்டு போட்ட பிறகு தண்டவாளத்தின் ஓரத்தில், பஸ்காரர்கள் அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு, பிஞ்சை நெடுக்கே பிளந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, கண்ணை மூடிக் கடிப்பார். அந்தக் கடி கடைசி சீட்டு வரை கேட்கும். உடனே நாலு கைகள் ஜன்னலுக்கு வெளியே நீளும். சினிமாக் கொட்டகைக்காரன் மாட்டுவண்டியில் தப்பட்டை அடித்துச் செய்கிற விளம்பரத்தை வரதன் வாயை மட்டும் வைத்துக்கொண்டு செய்துவிடுவார்.

கனகாம்பாளுக்கு மூன்று எருமைகள். பால் முழுக்க சாலமோனின் டீக்குப் போகும். எருமைகளுக்குப் பெயர் வைத்தது வரதன். சின்னது துள்ளித் துள்ளி ஓடும், அது மெயில். நடுவானது கண்ட இடத்திலெல்லாம் நின்று புல் கடிக்கும், அது பாசஞ்சர். மூத்தது பெரிய வயிறும் வளைந்த கொம்புமாக, ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு அடுத்த காலைப் பற்றி யோசிக்கும். அதற்கு கூட்ஸ் என்று பெயர். "ஆம்பளைக்குப் புள்ளைங்களுக்குப் பேர் வெக்கத் தெரியும், இந்தாளுக்கு எருமைக்குப் பேர் வெக்கத் தெரியும்" என்று கனகாம்பாள் நொடித்தாலும், சாயங்காலம், "கூட்ஸு, வாடி" என்றுதான் அவளும் கூப்பிடுவாள்.

இனி அஞ்சம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புருஷன் இல்லாதவள். மகள் ரத்னாவும் அவளுமாகக் கோடைக்கு முன்னால் ஆரணி ஆற்று மணலில் ஒரு திட்டைக் குத்தகைக்கு எடுப்பார்கள். மணலில் குழி தோண்டி, எரு போட்டு, வெள்ளரி விதை ஊன்றி, குடம் குடமாய் ஊற்றுத் தண்ணீர் விடுவார்கள். ஆறு வற்றிக் கிடக்கும் மாதங்கள்தான் அவர்களுக்கு விளைச்சல். சித்திரை, வைகாசியில் காய்க்கும். பறித்த அன்றே விற்க வேண்டும். மறுநாள் வதங்கும், அதற்கு மறுநாள் ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். அந்தக் கோடையில் விற்பதை வைத்துத்தான் அடுத்த வருஷத் திட்டும் அரிசியும் உப்பும்.

அது தவறினால் செங்கல் சூளை. சூளை மேஸ்திரி ஒருவர் சைக்கிளில் வந்து சாலமோன் கடை பெஞ்சில் உட்காருவார். வெள்ளை வேட்டி, தங்கப் பல், இனிய பேச்சு. முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். போனவர்கள் திரும்பி வந்த கதை அந்தப் பக்கம் குறைவு. "இன்னா அஞ்சம்மா, நானா கூப்புடுறேன். பொண்ணு சும்மாத்தானே கீது?" என்பார். அஞ்சம்மாள் கூடையைப் பார்த்துக்கொண்டே, "வெள்ளரி கீது மேஸ்திரி" என்பாள். அவளுக்கும் சூளைக்கும் நடுவே அந்த மணல் திட்டு மட்டும்தான் இருந்தது.

1974-ஆம் வருஷம், வெள்ளரி காய்த்துக் குலுங்கிய நேரத்தில், தேசமெங்கும் ரயில் ஸ்டிரைக் வந்தது.

வரதன், மாரியப்பனைப் போலவே, சங்கத்து ஆள். சாவியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார். கேட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். கனகாம்பாள் பாத்திரங்களை ஒரு புடவையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, எருமைகளை முன்னால் ஓட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து சாலமோன் கடைக்கு முன்னால் போய் நின்றாள். சாலமோன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கடைக்குப் பின்னால் விறகு போட்டிருந்த கீற்றுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். குப்பாயி ஒரு பாயைக் கொண்டுவந்து போட்டாள். அஞ்சம்மாள், "சும்மா கெடக்குது யக்கா" என்று சொல்லி அரைக் கூடை பிஞ்சைக் கொட்டிவிட்டுப் போனாள். அது எப்படிச் சும்மா கிடக்கிறது என்பது இரண்டு நாளில் வரதனுக்குப் புரிந்தது.

கட்டைகள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தபடியே நின்றன. ரயில் இல்லாததால் சாலையில் என்றுமில்லாத கூட்டம். மூட்டை லாரி, முட்டை லாரி, கூரை மேலெல்லாம் ஆள் ஏறிய பஸ். அத்தனையும் கேட்டைத் தாண்டிப் பறந்தன. ஒன்றும் நிற்கவில்லை. அஞ்சம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், பஸ் கிளப்பிய புழுதியை முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பி வருவாள். எப்போதாவது போலீஸ் காவலோடு ஒரு ரயில் ஊர்ந்து வரும். அதற்கு ஸ்டேஷனிலிருந்தே யாரோ கொடியோடு வந்து நின்று, வந்த வேகத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மாலையில் எருமைகள் வெள்ளரி தின்றன. கூட்ஸ் மட்டும் தின்னாமல் அஞ்சம்மாளின் முகத்தைப் பார்த்ததாக வரதன் சொல்கிறார். அது அவருடைய கற்பனையாக இருக்கலாம்.

மேஸ்திரி தினமும் வரத் தொடங்கினார்.

"வரதா, ஒரு சுத்து சுத்தேன்" என்றார் சாலமோன் ஒருநாள், குரலைத் தாழ்த்தி. "ரயிலு வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா. கட்டைய எறக்கு. வண்டிங்க நிக்கட்டும். அந்தப் பொம்பளை பொழைச்சுப் போவட்டும்."

சக்கரம் வெளியேதான் இருந்தது. ஒரு சங்கிலியைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்ப்பது பெரிய வித்தை இல்லை. வரதனின் கைகள் தாமாகவே மடியில் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் ஸ்டேஷனில் வேலை பார்த்த சங்கத்துப் பாக்கியராஜ், போலீஸ் கண்ணில் படாமல் வயல்வழியாக வந்து ஒவ்வொரு ஆளாகப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "அண்ணே, ஸ்டிரைக்கு முடியற மட்டும் எலாகா சாமான் ஒரு ஆணியக்கூடத் தொடக் கூடாது. தொட்டவன் கருங்காலி." பாக்கியராஜின் தம்பி அப்போது ஸ்டிரைக்கில் கைதாகி ஜெயிலில் இருந்தான்.

"தொட்டா அவங்களுக்குத் துரோகம். தொடாங்காட்டி இவளுக்குத் துரோகம்" என்றார் வரதன். "செம பேஜாருடா சாலமோனு."

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பகலெல்லாம் தூங்குமூஞ்சி மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்து, நிமிர்ந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அஞ்சம்மாள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, திட்டியிருந்தால் இன்னும் நல்லது. அவள் கேட்கவில்லை. நேரத்துக்கு வந்து, கூடையை இறக்கி, வழக்கம் போல முதல் பிஞ்சை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். மனுஷனுக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்படிக் கிடந்த ஒரு மத்தியானத்தில் அவர் கண் அயர்ந்தார். கனவில் தொலைபேசி மணி அடித்தது. வெகு தூரத்திலிருந்து, தண்ணீருக்கடியிலிருந்து அடிப்பது போல அடித்தது. "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார். எழுந்தார். சாலைக்கு நடுவே நடந்து போய், தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உயர்த்திப் பிடித்தார். கனவில் எல்லாம் நின்றன. லாரி நின்றது, பஸ் நின்றது, காற்று நின்றது. எங்கோ அஞ்சம்மாளின் குரல், "பிஞ்சே... வெள்ளரிப் பிஞ்சே..." என்றது. வாய் திறந்து சிரித்துக்கொண்டே அவர் அந்தக் குரலைக் கேட்டார்.

"யோவ், இன்னாய்யா, தூங்கிக்கினே நடக்குறியா?" என்று யாரோ கத்தினார்கள்.

கண்ணைத் திறந்து பார்த்தார். நிஜமாகவே சாலை நடுவில்தான் நின்றுகொண்டிருந்தார். நிஜமாகவே பஸ் நின்றிருந்தது. அவரைப் பார்த்து அல்ல. அவருக்குப் பின்னால், கட்டை இறங்க வேண்டிய இடத்தில், சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு கூட்ஸ் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு அடுத்த காலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸின் ஜன்னலோரம் அஞ்சம்மாள் இரண்டு கையாலும் பிஞ்சை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் வரதன் முகத்தைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். இமை இரண்டும் முழுசாக ஏறியிருந்தன.

மறுநாளிலிருந்து அந்த இடத்தில் ரயில் போக்குவரத்து ஒழுங்காக நடந்தது. நேரமெல்லாம் வரதனுக்கு மனப்பாடம். மெட்ராஸ் போகிற காலை வண்டி வரும் பொழுதில் மெயிலையும் பாசஞ்சரையும் வடக்கிலிருந்து தெற்கே ஓட்டுவார். கூடூர் வண்டி வருகிற பொழுதில் அவை தெற்கிலிருந்து வடக்கே திரும்பும். மத்தியானம், வெயில் உச்சியில் நிற்க, பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற நல்ல முகூர்த்தத்தில், கூட்ஸ். அதை விரட்டவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். சாலைக்கு நடுவே கொண்டுபோய் விட்டால் போதும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். கேட்டு வீட்டுக்குள் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி எல்லாம் இருந்தன. அவை இலாகாவுடையவை, அதனால் அவற்றின் பக்கம்கூடப் போகாமல் தன் சிவப்புத் துண்டைத்தான் உயர்த்திப் பிடித்தார். துண்டு அவருடையது, எருமை கனகாம்பாளுடையது. யார் என்ன சொல்ல முடியும்?

"இன்னா கேட்டுக்காரரே, ரயிலே இல்ல, இது இன்னா கூத்து?" என்றான் கண்டக்டர்.

"கூட்ஸ் வருதுபா. போற வரைக்கும் நில்லு. ஒரு பிஞ்சு துன்னு."

"எப்போ போவும்?"

"அது இன்னா நம்ம கையிலயா கீது?"

முதலில் முறைத்த ஓட்டுநர்கள் பிறகு தாமாகவே மர நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைக்கத் தொடங்கினார்கள். மக்கள் நெரிசல் பஸ்ஸில் புழுங்கிக்கொண்டு வந்தவர்கள். நிற்க ஓர் இடம் கிடைத்ததில் அவர்களுக்கும் வருத்தம் இல்லை. சாலமோன் பாலுக்குத் தண்ணீர் சேர்க்கிற அளவுக்கு டீ ஓடியது. குப்பாயி பழவேற்காட்டுக்குக் காலிக் கூடையோடு போனாள்.

சேதி எட்டி, பாக்கியராஜ் ஒருநாள் வயல்வழியாக வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "கேட்டு வேலை பாக்குறியாமே அண்ணே" என்றார். வரதன் சாலையைக் காட்டினார். பாக்கியராஜ் கூட்ஸைப் பார்த்தார். அதன் முன்னால் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். மேலே, இலாகாவின் கட்டைகள் தொட ஆளில்லாமல் வானத்தில் நிமிர்ந்து நின்றதையும் பார்த்தார்.

"இது எந்தச் சங்கம்?" என்றார் கடைசியில்.

"இன்னும் சேரல. நீதான் சேத்துக்கணும்" என்றார் வரதன்.

தம்பி ஜெயிலுக்குப் போன பிறகு பாக்கியராஜ் அன்றுதான் சிரித்தார் என்று அவர் வீட்டார் சொல்லிக் கேள்வி. போகும்போது மடி நிறையப் பிஞ்சு வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்டிரைக் முடிந்தது. எப்படி முடிந்தது என்பது ஊருக்கே தெரியும், அதைச் சொல்லி யாருக்கும் மனசு நோக வேண்டாம். சிலருக்கு வேலை போனது. வரதனைத் திட்டி, எச்சரித்து, திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கூடவே ஓர் உத்தரவும் வந்தது: இனி ரயில் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கேட்டைப் போட வேண்டும், கடைசிப் பெட்டி தாண்டியதும் தூக்கிவிட வேண்டும். அதைக் கண்காணிக்க வெள்ளைக் கால்சட்டை போட்ட அதிகாரி ஒருவர், கேட்டு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு கடிகாரம்.

வெள்ளரி அப்போது கடைசி. கொடிகள் பழுத்துவிட்டன. மேற்கே மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் மணல் திட்டே இருக்காது. அன்று அஞ்சம்மாள் கூடையைக் கொண்டுவந்து இறக்கியபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இதான்ணே கடைசிப் பறி" என்றாள். "இது வித்துட்டா அடுத்த வருசத் திட்டுக்கு முன்னாடியே பணம் குடுத்துப் புடிச்சு வெச்சுருவேன். இல்லாங்காட்டி திட்டுக்காரரு வேற ஆளுக்கு உட்ருவாரு. மேஸ்திரி பதில் கேட்டுக்கினு குந்திக்கினு கீறாரு." அவள் கண்ணால் காட்டிய பக்கம், சாலமோன் கடை பெஞ்சில், தங்கப் பல் மின்னியது. ரத்னா துணி மூட்டையோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார்கள்.

காலை வண்டி வந்தது. வரதன் புகை தெரிந்த பிறகு கேட்டைப் போட்டார், கடைசிப் பெட்டி தாண்டியதும் தூக்கினார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அஞ்சம்மாள் இரண்டு ஜன்னலுக்குப் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த வண்டிக்கும் அதே கதை. பிஞ்சைக் கடித்துக் காட்டக்கூட நேரம் இல்லை. கடித்தாலும் அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். கனகாம்பாள் கைப்பம்பு ஓரத்தில் பாத்திரம் தேய்த்தபடி தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அவள் கல்யாணமான புதிதில், அவருடைய அம்மா செத்த அன்று பார்த்தாளாம்.

மத்தியானம் ஆயிற்று. ரயில் ஒன்றும் இல்லை. கட்டைகள் நிமிர்ந்திருந்தன. பொன்னேரிப் பக்கமிருந்து இரண்டு பஸ்களும், பின்னால் கல்யாண கோஷ்டி ஏறிய ஒரு லாரியும் புழுதி பறக்க வந்துகொண்டிருந்தன. கானல் நெளிந்தது. தவிட்டுக்குருவிகள் கத்தின. அப்போது மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்த கூட்ஸ் எழுந்தது. அதை யாரும் ஓட்டவில்லை. கயிற்றைத் தொட்டவர் யாரும் இல்லை. ஸ்டிரைக் நாட்களில் பழகிய நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். யோசித்து யோசித்து நடந்து போய்ச் சாலைக்கு நடுவே, தன் வழக்கமான இடத்தில், குறுக்கே நின்றுகொண்டது.

முதல் பஸ் நின்றது. இரண்டாவது நின்றது. லாரியும் நின்று எஞ்சினை அணைத்தது. அஞ்சம்மாள் ஒரு கணம் வரதனைப் பார்த்தாள். பிறகு கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். ரத்னாவும் மூட்டையைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். "யாரோட எருமைய்யா அது? போய் ஓட்டு" என்றார்.

"இதோ சார்" என்றார் வரதன். மிக மரியாதையாக நெற்றியைத் தொட்டுச் சலாம் வைத்தார். ஆனால் எருமையிடம் போகவில்லை. கேட்டு வீட்டுக்குள் போனார். ஸ்டிரைக்கின்போது பக்கம்கூடப் போகாத பச்சைக் கொடியை ஆணியிலிருந்து எடுத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வெளியே வந்து, மெயில் வண்டிக்கு நிற்கிற மாதிரி, சுருட்டிய கொடியை மார்போடு பிடித்து, குதிகால் சேர்த்து விறைப்பாக நின்றார். இமைகள் பாதி இறங்கின.

ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டுகொண்டிருந்தன. கல்யாண கோஷ்டி லாரியிலிருந்தே குதித்து வந்தது. சாலமோன் கடை பெஞ்சில் மேஸ்திரி கடைசி மடக்கைக் குடித்துவிட்டு எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, சைக்கிளின் ஸ்டாண்டைத் தள்ளினார். "யோவ், உன்னத்தான்" என்று அதிகாரி மறுபடியும் கத்தினார். வரதன் கழுத்தைத் திருப்பவில்லை. அவர் பார்வை கூடையின் மேல் இருந்தது.

அஞ்சம்மாள் காலிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாலையை விட்டு இறங்கினாள். வரதன் கொடியை உதறி விரித்து, கையை நேரே நீட்டி, கூட்ஸுக்குப் பச்சை காட்டினார்.